குழாய்க்கு இட்ட பொட்டு

அத்தியாயம் 17

பங்குனியில் நாகலாபுரம் வேதநாராயணர் சந்நிதிக்குள் மாலை வெயில் நுழையும். முதல் நாள் திருவடி, மறுநாள் திருவுந்தி, அதற்கும் மறுநாள் திருமுடி என்று மேலேறி, பின் வந்த வழியே விலகிவிடும். சந்திரம்மா இவ்வாண்டும் அதைக் கண்டு தொழுதுவிட்டு வந்தாள். அடுத்து வந்த சித்திரையில், ஒரு வெள்ளிக்கிழமைக் காலை, வீட்டின் பின்புறத்தில் மின்சாரம் தாக்கி விழுந்தாள்.

எழுந்திருக்கவில்லை.

அந்த வீட்டின் ஒயர் ஒவ்வொன்றையும் இழுத்தவர் அவள் கணவர் துலுக்காணம். அன்றே மீட்டர் பலகையிலிருந்து ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கித் துண்டில் முடிந்து பரண்மேல் போட்டார். என்ன நேர்ந்தது என்று பலகையைத் திறந்து பார்க்கவும் அவருக்கு மனம் வரவில்லை. கருமாதி அகல் வெளிச்சத்தில் நடந்தது. ஆனி பிறந்த பிறகும் அகல்தான்.

குவைத்தில் இருக்கும் மகன் ரமணாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. வெள்ளிதோறும் மெயின் ரோட்டு டெலிபோன் பூத்துக்குப் பேசுவான். மனைவி பத்மினியிடம் மட்டும். தாய் போன நாள் முதல் தந்தையிடம் ஒரு சொல் பேசியதில்லை.

"நைனா கைவெச்ச ஒயரு ஒண்ணுகூட அந்த வூட்டுல இருக்கக் கூடாது. வெளியாள வெச்சுப் பார்த்து எல்லாத்தயும் மாத்து. இல்லன்னா நீ உங்கம்மா வூட்டுக்குப் போயிடு. கொழந்த பொறந்தாலும் நான் அங்க கால் வெக்க மாட்டேன்" என்று போன வாரம் அவன் சொன்னதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஐந்து மாத வயிற்றுடன் நின்றபடி பத்மினி அதை மாமனாரிடம் அப்படியே ஒப்பித்தாள். அவர் கேட்டுக்கொண்டார். மறுக்கவுமில்லை, இசையவுமில்லை. களத்துக்குப் போய்விட்டார்.

இன்று வெள்ளிக்கிழமை. திருப்பதியிலிருந்து ஆள் வருகிறான்.

*

பத்மினி ஸ்டவ்வில் குக்கரை ஏற்றினாள். அதன் கைப்பிடியில் மஞ்சள் டேப் சுற்றியிருந்தது. பொங்கலுக்கு வந்த ரமணா, மாசியில் புறப்படும் நாளன்று, விரிசல் விட்டிருந்த அந்தக் கைப்பிடியைச் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். குவைத்திலிருந்து கொண்டுவந்த டேப். "நம்ம பக்கம் கெடைக்காது, பத்மி. தண்ணி பட்டாலும் பிரியாது" என்றான். மிச்சத்தைப் பெட்டியில் வைத்துத் திரும்பவும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அரிசி வெந்துகொண்டிருந்தது. அது வேகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் அவளால் ஒன்றை மட்டுமே பார்க்க முடிகிறது. அதற்கு அப்பால் எதுவும் தென்படுவதில்லை.

வாசலில் இருந்த துலுக்காணத்தைத் தெலுங்கில் பெரியப்பா என்று அழைத்து ஒரு குரல் கேட்டது.

"பெத்தநாயனா! துலுக்காணம்காரு வூடு இதுதானே?"

பை ஒன்றும், தோளில் சுருட்டிய ஒயருமாக ஒருவன் நின்றான். நாற்பது வயதிருக்கும். அவன்தான் சிட்டிபாபு. திருப்பதியில் புதிது புதிதாக எழும்பும் லாட்ஜுகளுக்கு ஒயரிங் செய்பவன். பத்மினியின் தந்தை பேசி அனுப்பியிருந்தார்.

"புத்தூர்ல ஒருத்தர் கோழியோட ஏறினாரு பஸ்ல. கோழிக்கு சீட்டு கெடச்சுது, எனக்கு ஸ்டாண்டிங்கு. டிக்கெட்டு மட்டும் எனக்குத்தான்" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. சிட்டிபாபு பையை இறக்கி வைத்தான்.

வீட்டோரத்து முருங்கை மரத்தடியில் சந்திரம்மாவின் தங்கை பொன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். அடுத்த தெருவில் இருப்பவள். கருமாதிக்குப் பிறகு இன்றுதான் இந்த வாசலை மிதிக்கிறாள்.

"நீ எதுக்குமா வெயில்ல வந்த?" என்றார் துலுக்காணம்.

"எங்கக்கா இன்னாத்துல செத்துதுன்னு தெரிஞ்சிக்கினு போலான்னு வந்தேன், மாமா. நீ சொல்ல மாட்ட. அந்தாளாவது சொல்லட்டும்."

துலுக்காணம் உள்ளே போய்ப் பரணிலிருந்து துண்டு முடிச்சை எடுத்துவந்து சிட்டிபாபுவிடம் நீட்டினார்.

*

சிட்டிபாபு கூடத்தில் ஏணி போட்டு ஏறினான். தேக்குச் சட்டத்தின்மேல் தகரக் கிளிப்புகள் ஒரே இடைவெளியில் வரிசையாக ஓடின. திருப்பத்தில்கூட ஒயர் மடியாமல் வளைந்து இறங்கியது. அவன் விரலால் நீவிப் பார்த்தான்.

"யாரு பெத்தநாயனா இழுத்தது?"

"நான்தான்."

"லாட்ஜுல கூட இவ்ளோ நேரா இழுக்க மாட்டாங்க. எங்க கத்துக்கினீங்க?"

துலுக்காணம் சுவரைப் பார்த்தார்.

அவர் கற்றுக்கொண்டது தெருமுனையில் நின்ற ஒரு குரலிடம். இந்தத் தெருவுக்கு முதன்முதலாகக் கம்பி வந்த காலத்தில், டவுனிலிருந்து வரும் ஒயர்மேன் புளியமரத்தோடு நின்றுவிடுவார். இங்குள்ள வீடுகளுக்குள் காலெடுத்து வைக்க மாட்டார். மரத்தடியில் நின்றபடியே கூவுவார். 'கையத் தொடச்சிக்கோ. செவப்ப மேல கட்டு. கறுப்பக் கீழ கட்டு.' உள்ளே துலுக்காணம் கட்டுவார். மூன்று வீடுகளுக்கு அப்படிக் கட்டினார். நான்காம் வீட்டுக்குக் கூவ ஆள் தேவைப்படவில்லை. அதன்பின் இத்தெருவில் எந்த வீட்டுக்கும் வெளியாள் வேண்டியிருக்கவில்லை.

முதலில் கேட்ட பாடத்தை அவர் இன்றுவரை விடவில்லை. வேட்டி முனையில் இரண்டு உள்ளங்கைகளையும் இருமுறை துடைத்துக்கொள்ளாமல் எந்த ஒயரையும் தொட்டதில்லை.

வெளியாள் ஒருவன் அவர் வீட்டுக்குள் ஏணி போட்டது இன்றுதான் முதல்முறை. அதை எண்ணி வருந்தக்கூட அவருள் ஏதும் அசையவில்லை. நெடுநேரம் மடித்து வைத்த கால்போல் உள்ளமெல்லாம் மரத்துக் கிடந்தது.

"உள்ள எல்லாம் ஒழுங்காத்தான் கீது" என்று இறங்கினான் சிட்டிபாபு. "எர்த்து எங்க?"

பத்மினி பின்புறத்துக்கு அழைத்துச் சென்றாள். தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் குழாய் முழங்கால் உயரத்துக்கு மண்ணிலிருந்து எழும்பி நின்றது. அதன் தலையில் ஒரு கம்பி கட்டி, சுவரேறி, மீட்டர் பலகைக்குப் போயிற்று. குழாயில் மஞ்சள் அப்பியிருந்தது. நடுவே, மழை காணாத குங்குமப் பொட்டு.

"கொழாய்க்குப் பொட்டா!" சிட்டிபாபு சிரித்துவிட்டான். "இது எந்த சாமி அக்கா? கரண்டம்மாவா?"

"அத்த வெச்சது" என்றாள் பத்மினி.

அவள் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "எர்த்து மண்ணு காயக் கூடாது, தண்ணி ஊத்தினே இருன்னு மாமா ரொம்ப வருசம் முன்ன சொன்னாராம். அதுலேர்ந்து தெனிக்கும் காலைல ஒரு சொம்பு. தெனிக்கும் தண்ணி ஊத்தற எடத்துக்கு வெள்ளிக்கெழம பொட்டு வெக்காம எப்டி இருக்கறதுன்னு கேப்பாங்க. மஞ்சள் பூசி, குங்குமம் வெச்சு, அப்பறம்தான் தண்ணி."

சிட்டிபாபுவின் சிரிப்பு நின்றது.

"அன்னிக்கும் வெள்ளிக்கெழமையா?"

"ஆமா. கொழாய் மேல கை வெச்சிக்கினே கெடந்தாங்க."

முருங்கை மரத்தடியில் பொன்னியம்மா எழுந்து நின்றாள்.

*

மீட்டர் பலகையைச் சிட்டிபாபு திருகு கழற்றிச் சுவரிலிருந்து முன்னால் சாய்த்தான். பின்பக்கம் நூலாம்படை. அதற்குள் கையை விட்டு ஒயர்களை விலக்கினான்.

"இங்க கீது" என்றான்.

துலுக்காணம் அருகே வந்தார். பத்மினி வாசற்படியில் நின்றாள்.

"பாருங்க பெத்தநாயனா. கரண்டு ஒரு ஒயர்ல வரணும், இன்னொரு ஒயர்ல திரும்பிப் போகணும். கம்பத்துக்குத் திரும்பிப் போற ஒயர இங்க வெட்டி வுட்டுட்டாங்க. வெட்டின முனையக் கொண்டாந்து எர்த்தோட கட்டிட்டாங்க. அப்போ வூட்டுல எரியற பல்பு, ஓடற ஃபேனு, அந்தப் பெரிய ஃபிரிட்ஜு, எல்லாத்து கரண்டும் கொழாய் வழியாத்தான் மண்ணுக்குப் போவும். கம்பத்து ஒயர்ல ஓல்டேஜ் கம்மியா இருந்தா, இப்படிக் கட்டினா பல்பு பளிச்சுன்னு எரியும், ஃபிரிட்ஜு ஓடும். இந்தப் பக்கம் நெறையப் பேரு இப்படித்தான் பண்றாங்க. மண்ணு ஈரமா இருக்கற வரைக்கும் குடிச்சுக்கும். சித்திரைல காஞ்ச மண்ணு குடிக்காது. கரண்டு கொழாயிலயே நிக்கும்."

அந்தச் சித்திரையில் கிணறு வற்றிக் கிடந்ததும், சந்திரம்மா சொம்பை அரைச் சொம்பாக்கியதும் சிட்டிபாபுவைத் தவிர அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

சிட்டிபாபு கட்டை விரலால் அந்த இணைப்பைத் திருப்பிக் காட்டினான்.

மஞ்சள் டேப்.

தண்ணீர் பட்டாலும் பிரியாத டேப். இழுத்து இழுத்து, மடிப்பு விழாமல் சுற்றியிருந்தது.

பத்மினி அதைப் பார்த்தாள். மாசியில் ஒரு பகல் அவளுக்கு நினைவு வந்தது. துலுக்காணம் சத்தியவேட்டுக்கு உரம் வாங்கப் போயிருந்தார். புதிதாக வாங்கிய ஃபிரிட்ஜ் ஓடாமல் நிற்க, ரமணா இதே பலகைக்கு முன்னால் முக்காலிமேல் நின்றான். சந்திரம்மா டார்ச் பிடித்திருந்தாள். 'எங்க நைனாவுக்கு ஃபிரிட்ஜெல்லாம் தெரியாதும்மா. அது இழுக்கற கரண்டே வேற' என்று அவன் சொன்னான். 'நீ மட்டும் தண்ணி ஊத்தறத வுட்டுடாத. ஊத்தினே இரு.' சந்திரம்மா சிரித்தாள். 'நான் எப்போடா வுட்டேன்?'

பத்மினி அடுப்படியிலிருந்து அதைக் கேட்டிருந்தாள். கேட்டது இத்தனை நாள் எங்கோ கிடந்திருக்கிறது.

"யாரு கட்டினது இத?" என்றான் சிட்டிபாபு.

துலுக்காணம் அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாழ்நாளில் கறுப்பு டேப்பைத் தவிர வேறு வாங்கியதில்லை. அது சிட்டிபாபுவுக்குத் தெரியாது. பொன்னியம்மாவுக்கும் தெரியாது. அந்த முற்றத்தில் பத்மினி ஒருத்திக்குத்தான் தெரியும்.

"நான்தான் கட்னேன்" என்றார்.

"நீங்களா?" சிட்டிபாபு ஏணியைத் திரும்பிப் பார்த்தான், சுவரின் தேக்குச் சட்டத்தைப் பார்த்தான். "அவ்ளோ நல்லா இழுத்துட்டு இதப் போயி ஏன் பெத்தநாயனா? தெரியாதத ஒரு ஆளக் கூப்ட்டுக் கேக்கக் கூடாதா? நாலு பேருக்கு ஒயர் இழுத்துட்டா எல்லாம் தெரிஞ்சுடுமா? இதுல நீங்கல்லாம் கை வெக்கலாமா?"

"தெரியல. தப்புத்தான்."

பொன்னியம்மா அருகில் வந்தாள். அழுவாள் என்று பத்மினி நினைத்தாள். அவள் அழவில்லை.

"ஃபிரிட்ஜு ஓடறதுக்கா?" என்றாள்.

"ஆமா."

"எங்கக்கா பச்சத் தண்ணிகூட அதுலேர்ந்து எடுத்துக் குடிச்சதில்ல, மாமா. பல்லு கூசும்."

துலுக்காணம் தலையசைத்தார். அவருக்கும் அது தெரியும்.

"தெரிஞ்சுபோச்சு. நான் போறேன்." பொன்னியம்மா முந்தானையை உதறிச் சுற்றிக்கொண்டாள். "இனிமே எங்க வூட்டு ஒயரு அறுந்தாலும் நீ வராத, மாமா. எம் பையன் சீனு கிட்டயும் சொல்லிடறேன். தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன். சொல்லாம இருக்க மாட்டேன்."

"சொல்லு" என்றார்.

அவள் படலைத் தள்ளிச் சாத்திக்கொண்டு போனாள். இத்தெருவின் ஒவ்வொரு வீட்டிலும் அவர் இழுத்த ஒயர் ஓடிக்கொண்டிருந்தது.

*

சிட்டிபாபு கம்பத்து ஒயரைத் திரும்ப அதன் இடத்தில் சேர்த்தான். மஞ்சள் டேப்பை அறுத்துக் கீழே போட்டான். துலுக்காணம் குனிந்து அதைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

உச்சி வெயிலில் பத்மினி சாப்பாடு எடுத்துவைக்க அடுப்படிக்குப் போனாள். பிளாஸ்டிக் பொசுங்கிய வாடை மூக்கில் ஏறியது. ஸ்டவ்வின் மேல் விளிம்பில் மஞ்சளாய் ஏதோ உருகி ஒட்டியிருந்தது.

குக்கரின் கைப்பிடி கறுப்பாக இருந்தது.

பழைய டேப்பைப் பிரித்துவிட்டு, புதிதாகக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. மடிப்பு விழாமல், ஒரே அளவாக.

அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். கைப்பிடியில் இன்னும் சூடு இருந்தது. திரும்பியபோது துலுக்காணம் நிலைப்படியில் நின்றிருந்தார்.

"மாமா..."

"அந்தாளுக்குச் சோறு போடுமா. காலைலேர்ந்து துன்னல."

"அவருதான் அன்னிக்கு..."

"ரசம் கீதா?"

"கீது, மாமா."

"அப்போ ஊத்து" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார்.

சிட்டிபாபு நன்றாகச் சாப்பிட்டான். சாப்பிட்டபடியே ஒரு லாட்ஜின் கதை சொன்னான். அங்கே குளிர் இயந்திரம் ஓட மறுத்த அறையில் தங்கியவர், அது ஓடுவதற்காக மலையப்பனுக்கு முடி காணிக்கை நேர்ந்துகொண்டாராம். ஓடிவிட்டதாம். "முடி அவருது, வேல என்னுது" என்றான். பத்மினிக்கு இதழோரம் சற்றே விரிந்தது. உடனே அது எதற்காக விரிந்தது என்று அவளுக்கு மறந்துபோயிற்று.

பிறகு அவன் பலகையைச் சுவரோடு சேர்த்து முடுக்கினான். ஃபியூஸ் கட்டைகளை நீட்டினான்.

"நீங்களே போடுங்க பெத்தநாயனா. உங்க வூடு."

"நீயே போடுப்பா."

கட்டைகள் உள்ளே போயின. கூடத்து விளக்கு பட்டப்பகலில் எரிந்தது. மின்விசிறி ஒருமுறை முனகிச் சுழன்றது. ஃபிரிட்ஜ் நடுங்கித் தன் குரலைத் திரும்பப் பெற்றது. சந்நிதியில் வெயில் ஏறுவதைச் சந்திரம்மா கை கூப்பி நின்று காண்பாள். இந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு மூன்று பேரும் வெறுமனே நின்றார்கள்.

"இப்போ கொழாய் வெறும் எர்த்துதான். தொட்டாலும் ஒண்ணும் ஆவாது" என்றான் சிட்டிபாபு, பையைத் தோளில் மாட்டியபடி. "ஆனா மண்ணு காய வுடாதீங்க. தண்ணி ஊத்தினே இருக்கணும்."

அவன் போனபின் துலுக்காணம் ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு பின்புறம் போனார். பொட்டின்மேல் படாமல் அடியில் ஊற்றினார். மண் அதைக் குடித்தது.

*

மாலையில் பூத்துக்காரி யசோதா ஆள் அனுப்பினாள். குவைத்திலிருந்து இன்னும் சற்று நேரத்தில் திரும்பவும் அழைப்பு வருமாம்.

துலுக்காணமும் கூடவே நடந்தார். திரும்பும்போது இருட்டிவிடும், இந்த நிலையில் நீ தனியே வரக் கூடாது என்று மட்டும் சொன்னார். வழியில் இரண்டு வீட்டுக்காரர்கள் அவரைக் கண்டு பேச்சை நிறுத்தினார்கள். பொன்னியம்மா தாமதிக்கவில்லை.

மதகு தாண்டியதும் பத்மினி கேட்டாள். "நீங்க ஏன் மாமா அப்டி சொன்னீங்க?"

அவர் கொஞ்ச தூரம் நடந்தார்.

"அவன் அங்க தனியா கெடக்கறான்" என்றார். "இங்க நான் தெருவுல கீறேன். நாலு பேரு திட்னாலும் நாலு பேருதான். அங்க அவன யாரு தூக்கி வுடறது?"

"உங்களத்தானே அவரு திட்டிக்கினு கீறாரு."

"திட்டட்டும். திட்றவரைக்கும் நல்லாத்தான் இருப்பான். நீ ஒண்ணும் சொல்லாத."

பூத்தின் வெளியே இருந்த பெஞ்சில் அவர் உட்கார்ந்தார். பத்மினி கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். மணி அடித்தது.

"பத்மி, ஆளு வந்தாரா?"

"வந்தாரு. கரண்டு வந்துடுச்சு."

"எல்லாத்தயும் மாத்திட்டாரா?"

"மாத்தல. வூட்டு ஒயரெல்லாம் நல்லா கீதுன்னாரு. மாமா இழுத்தது நல்லா கீதாம்."

கடல் கடந்த கம்பி அவள் குரலையே அவளுக்குத் திருப்பித் தந்தது. இழுத்தது நல்லா கீதாம்.

"அப்போ எதுல கோளாறாம்?"

"மாமா ஏதோ தப்பாக் கட்டிட்டாராம். அவரே சொன்னாரு, எல்லார் முன்னாலயும். பொன்னி அத்த இருந்தாங்க."

"நைனாவா? நான்தான் கட்டினேன்னு சொன்னாரா?"

"ஆமா."

அவன் மூச்சு வாங்குவது அவளுக்குக் கேட்டது. பிறகு மிகத் தாழ்ந்த குரலில் ரமணா கேட்டான்.

"அந்த மஞ்ச டேப்ப நைனா பார்த்தாரா?"

பத்மினி டேப்பைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

அவள் கண்ணாடி வழியே பெஞ்சைப் பார்த்தாள். துலுக்காணம் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சென்னைக்குப் போகிற பேருந்தின் விளக்கு அவர்மேல் விழுந்து கடந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். கேள்வியாக அது வெளிவரவில்லை. "அன்னிக்கே தெரியுமா?"

ரமணா வேறொன்றைக் கேட்டான்.

"நைனா கூட வந்துக்கிறாரா?"

"வெளிய ஒக்காந்துக்கிறாரு."

"குடு."

"இன்னா சொல்லப் போறீங்க?"

"தெரியல பத்மி. நைனா கிட்ட குடு."

அவள் கதவைத் திறந்தாள். "மாமா, உங்களக் கூப்பிடறாரு."

துலுக்காணம் எழுந்தார். கதவண்டை வந்து, அவள் கையில் தொங்கிய ரிசீவரைச் சற்று நேரம் பார்த்தார். வேட்டி முனையை எடுத்து இரண்டு உள்ளங்கைகளையும் ஒருமுறை துடைத்தார். இன்னொரு முறை துடைத்தார்.

பிறகு கையை நீட்டினார்.